இயந்திரப் பாவையின் நிறம்

1927ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி இரவு, பெர்லின் நகரின் ஊஃபா பலாஸ்ற் என்னும் பெரிய படமாளிகையிலே ‘மெற்றோபொலிஸ்’ என்ற மௌனப் படம் முதன்முறையாகக் காட்டப்பெற்றது. அதனை இயக்கியவர் பிரிற்ஸ் லாங். கதை அவருடைய மனைவியார் தேயா வொன் ஹார்பூ அம்மையாருடையது. வருங்காலப் பெருநகரொன்றைப் பற்றிய கதை அது. வானளாவிய மாடங்களிலே செல்வர் களித்திருக்க, நிலத்தின் கீழே தொழிலாளர் இயந்திரங்களோடு இயந்திரமாய்த் தேய்கின்றனர். அந்நகரின் அழிவுக்கு ஏதுவாக வரும் தீய சக்தியோ வாளேந்திய அரக்கனன்று. பெண்வடிவாகச் சமைக்கப்பட்ட ஓர் இயந்திரம். தலைகீழாய் அமைந்த ஐம்முனை விண்மீனொன்றின் கீழே, ஆசனமொன்றில் அசைவற்று அமர்ந்திருக்கும் அவ்வுருவம் மெல்ல எழுகின்றது. அடிமேல் அடிவைத்து முன்னே வருகின்றது. உலோகத் தோலோடு அது திரையிலே தோன்றுவது சில நிமிடங்களே. ஆயினும், அறிவியற் கற்பனைப் படங்களின் தீயோர் வரிசையிலே அதற்குரிய முதலிடத்தைப் பின்வந்த எவரும் பறித்துக்கொள்ளவில்லை.

அன்று தொட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும், பகலிலே வேறு தொழில் செய்து மாலையிலே வீட்டு மேசையின் முன் அமரும் எத்தனையோ பேர், இவ்வுருவத்தை ஒரு சாண், இரு சாண் உயரத்தில் ரெசின் என வழங்கும் செயற்கைப் பிசினாற் பொருத்தி வர்ணந் தீட்டி வருகின்றனர். துண்டுகளை ஒட்டி முடித்து, தூரிகையைக் கையிலெடுத்ததும் அவர்கள் எல்லோர்க்கும் ஒரே ஐயம் எழுகின்றது. இப்பாவையின் நிறம் யாது? படமோ கறுப்பு வெள்ளை. படத்திற் பயன்பட்ட மூல உருவமோ இன்றில்லை. பொன்னிறமா, செம்பின் நிறமா, வெள்ளியின் நிறமா? சிறுபிள்ளை வினாப் போலத் தோன்றும் இதற்கு விடை தேடப் புகுவோர், அவ்வுருவம் எதனால், எவ்வாறு ஆக்கப்பட்டது என்ற வரலாற்றினுள்ளே சென்று நிற்பர்.

முதலிலே கதையில் அதற்குரிய இடத்தை அறிதல் வேண்டும். நகரின் தலைவன் யோ பிரெடர்சன். அவனுக்காக உழைக்கும் விஞ்ஞானி ரொற்வாங். இருவரும் ஒருகாலத்தில் ஹெல் என்னும் ஒரே பெண்ணைக் காதலித்தவர்கள். அவள் பிரெடர்சனை மணந்து, அவனுக்கு ஒரு மகனைப் பெற்று, அப்பேற்றிலேயே இறந்தாள். ஆறாத ரொற்வாங், இறந்தவளுக்கு ஈடாக ஓர் இயந்திரப் பெண்ணைச் செய்கின்றான். அம்முயற்சியிலே தன் வலக்கையையே இழக்கின்றான். தொழிலாளரிடையே அன்பைப் போதித்து வந்த மரியா என்னும் கன்னியின் முகத்தை அவ்வியந்திரத்துக்கு ஏற்றி, அவர்களைக் கெடுத்து வருமாறு அனுப்புகின்றனர். பொய்ம் மரியா செல்வரின் களியாட்ட மண்டபத்திலே நடனமாடுகின்றாள். கண்டவர் மதியிழந்து ஒருவரையொருவர் கொல்கின்றனர். சிரித்து மயக்கி உயிர்குடிக்கும் கொல்லிப்பாவையைப் பற்றிக் கேட்டறிந்த தமிழர்க்கு இத்தகைய பாவை முற்றிலும் புதியவளல்லள். இறுதியிலே மக்கள் அவளைச் சூனியக்காரி என்று தீயிலிட, தசை நீங்கி உலோகம் வெளிப்படுகின்றது.

ஆக, தீமை புரிவது பாவையாயினும், அதன் பிறப்புக்குக் காரணம் ஒருவனது துயரம். இந்தத் துயரத்தையே அமெரிக்காவில் படத்தை வெட்டிச் சுருக்கியவர்கள் நீக்கிவிட்டனர். ‘ஹெல்’ என்ற பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒத்தொலித்ததாம்! அப்பெயரோடு அவள் கதையும் போயிற்று. காரணமின்றி ஓர் இயந்திரத்தைச் செய்த வெறும் பித்தனாக ரொற்வாங் எஞ்சினான். ஒரு பெயரின் ஓசைக்கு அஞ்சி ஒரு பாத்திரத்தின் உயிர்நாடியையே அறுத்த இச்செயலைச் சினிமா வரலாற்றின் பெருமூடத்தனங்களுள் ஒன்றாகவே கொள்ளவேண்டும்.

இனி, உருவத்தை ஆக்கியவரிடம் வருவோம். அவர் பெயர் வால்ற்றர் சூல்ற்ச மிற்றென்டோர்ப். 1893இற் பிறந்த ஜேர்மன் சிற்பி. தாம் அவ்வுருவத்தைச் செய்த முறையைப் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்தமை பெரும்பேறு. முதலிலே செப்புத் தகட்டை அடித்து உருவாக்குவதென்றே எண்ணமிருந்தது. ஆனால் செப்புக் கவசம் நடிகையாற் சுமக்கத் தகாத பாரமாகும். அடித்து வளைக்கப் பிடிக்கும் காலமும் மிகுதி. அந்நிலையிலே தற்செயலாக அவர் கண்ணிற் பட்டது, மரத்தூளைச் செலுலோசுக் கரைசலிற் குழைத்துச் செய்த ஒருவகை மக்கு. கையாற் பிசையலாம், காற்றுப் பட்டதும் இறுகும், இறுகிய பின் மரத்தைப் போலச் செதுக்கலாம், அராவலாம். தச்சர் வெடிப்படைக்கும் அந்தச் சாமானியப் பொருளிலே தாம் தேடிய உலோகத்தைச் சிற்பி கண்டுகொண்டார்.

மரியாவாகவும் பாவையாகவும் நடிக்க வந்தவர் பிரிகிற்ற ஹெல்ம் என்னும், இருபது வயது நிரம்பாத இளநங்கை. அவருக்கு அதுவே முதற் படம். அவரை நிற்கவைத்து, உடல் முழுவதையும் பாரிஸ் சாந்திலே வார்ப்பெடுத்தனர். பின்னர், பெரிய சாக்குத்துணித் துண்டுகளின் மேல் அந்த மக்கை இரண்டு மில்லிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, அடுக்களையில் மா உருட்டும் கட்டையைக் கொண்டே உருட்டித் தட்டையாக்கினார் சிற்பி. சப்பாத்துத் தைப்பவன் கட்டையின்மேல் தோலை இழுத்துப் பொருத்துவதுபோல அத்துண்டுகளைச் சாந்து வார்ப்பின்மேல் இழுத்துப் பொருத்தினார். இறுகியதும் மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கி, ஓரங்களை வெட்டி, மார்பு, தோள், இடை, தொடை என்று பகுதி பகுதியாகப் பண்டைய போர்வீரரின் கவசம்போல் அமைத்தார். முடிவிலே, செலுலோசு வார்னிஷ் வகையொன்றிலே ‘வெள்ளி வெண்கலம்’ எனப்படும் பொடியைக் கலந்து, விசிறு துப்பாக்கியால் மேலே பூசினார். மிக அருகிலிருந்து நோக்கியபோதும் அது உலோகமென்றே தோன்றியதாக அவர் எழுதியுள்ளார்.

‘வெள்ளி வெண்கலம்’ என்ற பெயரைக் கேட்டு ஏமாறுதல் கூடாது. வர்ணத் தொழிலிலே அப்பெயர் கொண்ட பொடியில் வெள்ளியுமில்லை, வெண்கலமுமில்லை. நன்றாய் அரைத்த அலுமினியந்தான். மரத்தூளும் சாக்கும் அலுமினியப் பூச்சும் சேர்ந்தே நூறாண்டாக உலகம் நம்பிவரும் உருக்குப் பெண்ணாயின.

இக்கவசத்தினுள்ளே இருந்தவர் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். வார்ப்பெடுத்தது நின்ற நிலையில். படத்திலோ பாவை ஆசனத்தில் அமர்ந்திருக்கவேண்டும். நிற்பதற்கென அளவெடுத்த கவசம் அமரும்போது மடிப்புகளிலே உடலைக் கீறியது, அழுத்தியது, கன்றச் செய்தது. விளக்குகளின் வெப்பம் வேறு. படப்பிடிப்பு 1925ஆம் ஆண்டு மே மாதந் தொடங்கி 1926 ஒக்ரோபர் வரை நீண்டது. பாவையின் முகமே தெரியாத காட்சிகளுக்கு வேறொருவரை வைத்திருக்கலாமே என்று ஹெல்ம் கேட்டபோது, உள்ளே இருப்பது நீர்தான் என்று தமக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்ற பொருள்பட லாங் விடை கூறினாராம். கூடத்து வேலையாட்கள் இரங்கிக் கவசத்தின் இடுக்குகளிலே சில்லறைக் காசுகளைச் செருகிவிடுவர் என்றும், அவற்றைச் சேர்த்து அப்பெண் சிற்றுண்டிச்சாலையிலே சொக்கிலேற் வாங்குவார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. தீமையின் வடிவாய் எழுந்து வந்த அப்பாவைக்குள்ளே சொக்கிலேற்றுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் இருந்தாள் என்பதை நினைக்குமிடத்து, அக்காட்சி வேறொரு தோற்றங் கொள்கின்றது.

பாவைக்கு உயிரூட்டும் கட்டத்திலே மேலுங் கீழும் எழும் ஒளிவளையங்கள் குந்தர் ரிட்டாவ் என்னும் படப்பிடிப்பாளரின் கைவண்ணம். கறுத்த வெல்வெற்றின் முன் வெள்ளிநிறப் பந்தொன்றை அசைத்துப் படமெடுத்து, அதே படச்சுருளை மீண்டும் மீண்டும் ஒளிக்குக் காட்டி அவ்விளைவைப் பெற்றார்.

ஐம்பது இலட்சம் மார்க்குக்கு மேற்பட்ட பொருளை விழுங்கிய அப்படம் அன்று இலாபந் தரவில்லை. அமெரிக்காவிலும், பின்னர் ஜேர்மனியிலுமே, அதை வெட்டினர். முதலிற் காட்டிய நீளத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு மறைந்தது. பாவையின் கவசமும் எவ்வாறோ மறைந்தது. படத்துக்காகச் சூல்ற்ஸ் நொய்டாம் என்ற ஓவியர் தீட்டிய விளம்பரத்தாள்களில் எஞ்சியவை மிகச் சில; அவற்றுள் ஒன்று 2005இல் 6,90,000 டொலருக்கு விற்கப்பட்டது. பாவையின் உருவை அச்சிட்ட கடதாசி தப்பிப் பிழைத்து இவ்வளவு விலைபோக, பாவை தானே ஒரு துண்டும் மிஞ்சாமற் போயிற்று! ஆனால் அந்நாளிலே படப்பிடிப்புக் கூடங்களில் இது வியப்புக்குரியதன்று. படம் முடிந்தால் மரச்சாமானும் சாந்துருவும் குப்பையே. அவற்றைக் கலைப்பொருளாகப் போற்றவேண்டுமென்ற எண்ணம் பின்னெழுந்தது.

அவ்வெண்ணங் கொண்டவர்களுள் முதல்வர் பிரான்சியத் திரைப்படக் காப்பகத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஹென்றி லாங்லுவா. பாரிஸிலே அவர் அமைத்த சினிமா அருங்காட்சியகத்துக்காக, 1970களின் தொடக்கத்தில், எண்பது வயதை நெருங்கிய சூல்ற்ச மிற்றென்டோர்ப் தம் பாவையை மீண்டும் செய்து கொடுத்தார். இளமையிற் செய்த ஒன்றை, அதன் மூலம் அழிந்தபின், முதுமையிலே தம் கையாலேயே மறுபடி ஆக்கும் வாய்ப்பு எச்சிற்பிக்கும் எளிதிற் கிட்டுவதன்று. 1976இல் அவர் காலமானார். இன்று உலகிற் காணப்படும் முழு அளவு உருவங்களையும் சிற்றுருவங்களையும் ஆக்குவோர் இந்த மறு ஆக்கத்தையும் பழைய நிழற்படங்களையுமே மேற்கோளாகக் கொள்கின்றனர்.

சினிமாவின் தீயோரை வீட்டிலே பொருத்தி வைக்கும் வழக்கம் இதற்குள் வேறோரிடத்தில் வேரூன்றிவிட்டது. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் அரோரா என்னும் கொம்பனி, பிராங்கன்ஸ்ரைன் கதையின் பூதத்தைப் பிளாஸ்ரிக் துண்டுகளாக்கிப் பெட்டியிலடைத்து விற்றது. விமானமும் கப்பலும் ஒட்டிவந்த சிறுவர் கைகளிலே பூதங்கள் புகுந்தன. வணிகம் பெருகியது. ஆனால் இதற்கு ஓர் எல்லை இருந்தது. பிளாஸ்ரிக்கை அழுத்தி வார்க்க உருக்கு அச்சு வேண்டும். உருக்கு அச்சுக்குப் பெரும்பொருள் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றாலன்றி அப்பொருள் மீளாது. எனவே ஊரறிந்த பூதங்களுக்கே இடங் கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மௌனப் படத்தின் பாவையை எவர் அச்சிலேற்றுவர்?

அத்தடையைத் தகர்த்தது சிலிக்கன் இறப்பர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய இளைஞர் சிலர், தாம் களிமண்ணிலும் மக்கிலும் செய்த உருவங்களைச் சூழ இவ்விறப்பரை ஊற்றி வீட்டிலேயே அச்செடுக்கக் கற்றனர். பல் வைத்தியரின் அச்சுப்பொருளைக் கொண்டே ஆரம்ப முயற்சிகள் நடந்தன. அச்சினுள் இரு திரவங்களைக் கலந்து ஊற்றினாற் சில நிமிடங்களிலே அது இறுகி ரெசின் துண்டாகும். ஓர் அச்சு சில பத்துத் துண்டுகளைத் தந்தபின் கிழிந்துவிடும். கொம்பனிக்கு இது குறை. தனியொருவனுக்கோ முப்பது பிரதி தாராளம். மோட்டார்க் கொட்டகையிலே செய்யப்படும் பொதி என்ற பொருளில் இவை ‘கராஜ் கிற்’ எனப் பெயர்பெற்றன. 1985இல் ஜெனரல் புரொடக்ற்ஸ் என்ற நிறுவனத்தார் தொடங்கி, 1992 முதல் கையோடோ நிறுவனத்தார் நடத்திவரும் ‘வொண்டர் பெஸ்ரிவல்’ என்னும் சந்தை இவற்றுக்கெனவே கூடுவது. அங்கே ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. பாத்திரத்துக்கு உரிமையுடைய நிறுவனங்கள், அன்றைக்கு அவ்விடத்தில் மாத்திரம் விற்கலாமென ஒருநாள் உரிமம் வழங்குகின்றன. பொழுது சாய்ந்தால் உரிமமும் சாயும். விற்காது மிஞ்சிய பொதியை மறுநாட் கடையில் வைத்தல் ஆகாது. முறைப்படி ஆக்குவோனுக்கும் உரிமையாளனுக்கும் இடையே இத்துணை எளிதான சமாதானம் வேறெங்கும் காணப்படுவது அரிது.

சமாதானத்தைக் கெடுப்போரும் உளர். ஒருவர் பல மாதம் உழைத்துச் செதுக்கிய உருவத்தின் ஒரு பொதியை விலைக்கு வாங்கி, அதன் துண்டுகளிலிருந்தே அச்செடுத்து, மலிவாக விற்பது இத்துறையில் நெடுநாட் பிணி. வார்ப்பிலிருந்து வார்ப்பு எடுக்குந்தோறும் ரெசின் சிறிது சுருங்குவதால் உருவம் சிறுக்கும், கோடுகள் மழுங்கும், குமிழிகள் மிகும். மழுங்கிய முகமே திருட்டைக் காட்டிக்கொடுக்கும்.

இனி ஒருவர் மேசையிலே மரியாவின் பொதி பிரிக்கப்படும்போது நிகழ்வதைக் காண்போம். பெட்டியினுள்ளே தலை, உடற்பகுதி, கைகள், கால்கள், ஆசனம் யாவும் வெளிறிய மஞ்சளாகவோ சாம்பலாகவோ தனித்தனியே கிடக்கும். முதல் வேலை கழுவுதல். அச்சிலிருந்து எளிதிற் கழலுவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை துண்டுகளிலே படிந்திருக்கும். சவர்க்கார நீரிலே அதனைப் போக்காவிட்டால் எந்த வர்ணமும் நிலையாது, தோலாய் உரியும். வளைந்துபோன துண்டை வெந்நீரில் இட்டு, இளகியதும் நிமிர்த்திக் குளிர்நீரிற் பிடித்தால் அந்நிலையிலே நிற்கும். அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் ஓடும் வரம்பை அராவவேண்டும். காற்றுக் குமிழி விட்ட குழிகளை மக்கினால் நிரப்பவேண்டும். பாரமான துண்டுகள் பசையினால் மாத்திரம் நில்லா. இருபுறமும் துளையிட்டு உள்ளே பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டினால்தான் காலப்போக்கிற் கழன்று விழாது.

அராவும்போது எழும் தூசி மிக நுண்ணியது, நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகவே அறிந்தோர் அரத்தாளை நீரில் நனைத்தே தேய்ப்பர். முகக்கவசமின்றி வேலையில் இறங்கார். ரெசினை வார்ப்பவர்க்கு ஆபத்து இன்னும் அதிகம். கலவையின் ஒரு பாகத்திலுள்ள ஐசோசயனேற்று வகை இரசாயனத்தின் ஆவி, ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமற் போய்விட்டால், பின்னர் சிறிதளவுக்கும் மூச்சுத் திணறலை உண்டாக்கும்.

இவ்வேலையை இன்னும் கூர்ந்து நோக்கின் ஓர் ஒற்றுமை புலப்படும். துண்டு துண்டாய்ப் பொருத்துதல், மக்கினால் நிரப்புதல், அராவி மினுக்குதல், இறுதியிலே உலோகப் பொடி கலந்த வர்ணத்தை விசிறுதல்: 1920களிலே பெர்லினிற் சிற்பி செய்ததும் இதுதானே! செம்பிலோ உருக்கிலோ மரியாவை அடித்துச் செய்யும் ஒருவன், படத்தின் கற்பனைக்கு நெருங்குகின்றான். ஆனால் மூலத்திலிருந்து விலகுகின்றான். ரெசின் துண்டுகளை ஒட்டும் பொழுதுபோக்காளனோ, தான் அறியாமலே, சூல்ற்ச மிற்றென்டோர்ப்பின் படிமுறைகளை ஒவ்வொன்றாக மீண்டும் நடந்து செல்கின்றான். வேறு எந்தத் திரைத் தீயோனின் சிற்றுருவத்திலும் மூலமும் பிரதியும் இவ்வளவு ஒரே குலமாய் இருக்கக் காண்பது அரிது.

இப்போது நிறத்துக்கு வருவோம். மரியாவைப் பொன்னாகத் தீட்டுவோர் பலர். காரணம் தெளிவு. 1975இல், ‘ஸ்ரார் வோர்ஸ்’ படத்துக்கென ரால்ப் மக்குவாரி என்ற ஓவியர் ஓர் இயந்திர மனிதனை வரைந்தபோது மெற்றோபொலிஸின் பாவையையே முன்மாதிரியாகக் கொண்டார். 1977இல் படம் வெளிவந்தபோது, சீ-த்ரீபீஓ என்ற அவ்வியந்திரன் பொற்கவசம் பூண்டு உலகெங்கும் உலாவினான். பேரனைப் பார்த்துப் பாட்டியின் நிறத்தை ஊகிப்பது போலப் பிற்காலத்தவர் பலர் மரியாவுக்கும் பொன்னை ஏற்றிவிட்டனர் என்று கொள்ளலாம். கறுப்பு வெள்ளைப் படம் இதை மறுக்கவும் வழியில்லை. மினுங்கும் பொன்னாயினும் மினுங்கும் வெள்ளியாயினும் விளக்கொளி பட்ட இடம் வெண்மையாயும் மற்றவிடம் சாம்பலாயுமே திரையில் விழும். விளம்பர ஓவியரும் தாம் விரும்பிய வர்ணத்தையே இட்டனர். அவர்களைச் சாட்சிக்கு அழைத்தற்கு இடமில்லை.

சாட்சி ஒருவர்தான், செய்தவர். அவர் சொல்லோ ஐயத்துக்கிடமின்றி வெள்ளி வெண்கலம் என்கின்றது. எனவே பொன் மரியா அழகாயிருக்கலாம், வரலாறன்று.

வெள்ளி என்று முடிவாயினும் வழக்கு முடிவதில்லை. எத்தகைய வெள்ளி? இக்காலத்திற் கடைகளிற் கிடைக்கும் உலோக வர்ணங்கள் சூல்ற்ச மிற்றென்டோர்ப் கனவிலுங் காணாதவை. பளபளப்பான கறுப்பு அடிப்பூச்சிட்டு, அதன்மேல் மிகமிக மெல்லிய படலமாக அவற்றை விசிறினால், மெருகிட்ட குரோமியத்தைப் போல முகந்தெரிய மினுங்கும். இத்தகைய பூச்சு எக்குறையையும் மன்னியாது. மங்கலான வர்ணத்தின் கீழே மறைந்துவிடும் ஒரு மயிரளவு கீறல் கூட இதன் கீழே வாய்க்காலாய்த் தெரியும். ஆதலால் மரியாவைச் செய்பவர் வர்ணத்துக்குச் செலவிடும் பொழுதைப்போல் பன்மடங்கு பொழுதை அரத்தாளுக்குச் செலவிடுகின்றனர். அடிப்பூச்சு, தேய்ப்பு, மறுபடி அடிப்பூச்சு, மறுபடி தேய்ப்பு என்று வாரங்கள் செல்லும்.

இவ்வாறு முடிக்கப்பெற்ற கண்ணாடி மரியாவைக் கண்டார் வாய்பிளப்பர். ஆனால் படத்தை ஊன்றிப் பார்த்தால் அதிலுள்ள பாவை கண்ணாடிபோல் ஒளிர்வதில்லை. விளக்கொளி அவள் தோளிலும் மார்பிலும் சற்றுப் பரந்து, மென்மையாய்ப் படிகின்றது. கையால் உருட்டிய மக்கின் மேற்பரப்பும், அலுமினியப் பொடிப் பூச்சும் ஒளியை அவ்வாறுதான் ஏற்கும். ஆகவே இரண்டாவது கட்சியார், மெருகு குறைந்த அலுமினிய நிறத்தைப் பூசி, கவசத் தகடுகளின் இடுக்குகளிலே எண்ணெயில் நீர்த்த கருவர்ணத்தை ஓடவிட்டு, மேடான இடங்களைத் துணியால் இலேசாகத் துடைத்து நிறுத்துவர். இரு கட்சியாரும் ஒரே படத்தின் ஒரே காட்சியைச் சான்று காட்டுவர். ஒருவர் தீட்டுவது ரொற்வாங் செய்த பாவையை. மற்றவர் தீட்டுவது சூல்ற்ச மிற்றென்டோர்ப் செய்த பாவையை. முந்தியதற்குக் கற்பனை போதும். பிந்தியதற்கு ஆராய்ச்சி வேண்டும். அந்த ஆராய்ச்சியைச் செய்வோர் பக்கமே நியாயம் சாய்கின்றது. ஏனெனில் அழிந்துபோன ஒரு பொருளின் தோற்றத்தை நினைவிற் காப்பவர் அவர்கள்தாம்.

ஆராய்ச்சிக்கு அண்மையிலே புதிய ஊக்கமும் கிட்டியது. 2008இல், ஆர்ஜென்ரீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரச் சினிமா அருங்காட்சியகத்தில், வெட்டப்படாத படத்திலிருந்து எடுத்த 16 மில்லிமீற்றர்ப் பிரதியொன்று கண்டெடுக்கப்பட்டது. கீறல் நிறைந்திருந்த அதைக் கொண்டு ஏறத்தாழ முழுமையாகச் செப்பனிடப்பெற்ற படம் 2010 பெப்ரவரியிலே பெர்லினில் திரையிடப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்த ஹெல்லின் கதை திரும்பி வந்தது. அவளது நினைவுச் சிலையின் முன் ரொற்வாங் நிற்பதை இப்போது காணலாம். பாவையைச் செய்வோர்க்கு இது சிறு மாற்றமன்று. ஆசனத்தில் அமர்ந்திருப்பது வெறும் அழிவுக் கருவியன்று, இறந்த ஒருத்திக்கு ஈடாகச் செய்யப்பட்டது என்று அறிந்தபின், மூடிய அம்முகத்தை எவ்வளவு கடுமையாகக் காட்டுவது, எவ்வளவு அமைதியாகக் காட்டுவது என்ற கேள்வி புதிதாய் எழுகின்றது.

உரிமையைப் பற்றிய வழக்கும் இன்னும் நிலுவையிலேயே உள்ளது. அமெரிக்கச் சட்டப்படி 1927ஆம் ஆண்டுப் படைப்புகள் 2023 ஜனவரி முதல் நாளன்று பொதுவுடைமையாயின. ஜேர்மனியிலோ கலைஞர் இறந்தபின் எழுபது ஆண்டு உரிமை நிற்கும். சிற்பி 1976இல் மறைந்தமையால், அங்கே அவ்வுருவத்தின் உரிமை 2046ஆம் ஆண்டு முடியும்வரை அவர் வழித்தோன்றல்களிடம் இருக்கும். அதுவரை, அமெரிக்காவிலே தடையின்றி வார்க்கத்தக்க அதே பாவையைப் பெர்லினில் வார்ப்பவர், அவளை முதன்முதல் மா உருட்டும் கட்டையால் உருட்டி ஆக்கியவரின் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றே வார்க்கவேண்டும்.